கரைந்து போனது எங்கே போனது?

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கொள்கலன் கப்பலில் தீ மூண்டது. அதன் பின்னர் பல வாரங்களாக எமது ஆசிரியபீடத்துக்கு வந்து குவிந்த படங்கள் ஏறத்தாழ ஒரே வகையானவை. கரும்புகை, மணலை மூடிக்கிடந்த வெண்ணிறப் பிளாஸ்ரிக் மணிகள், கரையொதுங்கிய ஆமைகள். கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் எரிசோடாவும் மெதனோலும் இருந்தன என்பதை நாமும் எழுதினோம், எல்லோரும் எழுதினார்கள். ஆனால், அவற்றைப் பற்றி இரண்டாம் நாளுக்கு எழுதுவதற்கு எவரிடமும் எதுவும் இருக்கவில்லை. எங்கள் இளம் செய்தியாளர் ஒருவர் அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

“அண்ணை, பிளாஸ்ரிக் கிடக்குது, படம் எடுக்கலாம். மற்றதெல்லாம் தண்ணியிலை கரைஞ்சு போச்சுது. கரைஞ்சு போனதைப் பற்றி என்னத்தை எழுதுறது?”

நைத்திரிக் அமிலத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதிற் பாதி சரியானதே. கடல் நீர் சற்றுக் காரத்தன்மை கொண்டது. பெருங்கடலில் விழும் அமிலத்தை அது விரைவில் நடுநிலையாக்கி விடும். ஆனால், ‘கரைந்து போச்சுது’ என்ற அந்தச் சொல் என் மனதில் தைத்து நின்றுவிட்டது. எனக்கு அது மிகப் பழைய சொல். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். மருந்தடித்த தோட்டத்துக்குள் சிறுவர்களாகிய நாம் இறங்கப் போனால், “நாலு நாள் போகட்டும், மருந்தின்ரை வேகம் செத்துப்போடும்” என்று பெரியவர்கள் மறிப்பார்கள். நான்கு நாட்களின் பின்னர் ஒருவரும் மறிக்கமாட்டார்கள். நஞ்சுக்கும் ஓர் ஆயுள் உண்டு, அது முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பது எங்கள் நம்பிக்கையாக இருந்தது. அது எங்கள் ஊர்த் தோட்டக்காரரின் நம்பிக்கை மாத்திரம் அன்று, உலகெங்கும் ஒரு முழுத் தலைமுறை விஞ்ஞானிகளினதும் அரசாங்கங்களினதும் நம்பிக்கையும் அதுவே என்பதைப் பிற்காலத்தில் வாசித்துத்தான் அறிந்துகொண்டேன். நான் கலைப்பீடத்திற் படித்தவன். இரசாயனவியல் எனக்கு அந்நியமானது. ஆயினும், இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது, எங்கே முறிந்தது என்பது இரசாயனத்தைவிட அதிகமாக வரலாறு சம்பந்தப்பட்ட விடயமாகும்.

அது பிறந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகம் கண்ட மிகப் பெரிய நஞ்சு அழியாத நஞ்சாக இருந்தது. டி.டி.ரி. மண்ணிலும் நீரிலும் ஆண்டுக்கணக்கில் நின்றது; மீனின் கொழுப்பில் சேர்ந்து, மீனைத் தின்ற பறவையின் முட்டை ஓட்டை மெலிதாக்கியது. 1962 இல் ரேச்சல் கார்சன் தமது ‘மௌன வசந்தம்’ நூலை வெளியிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1972 இல், அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.ரி. பாவனையைத் தடை செய்தது. இலங்கையில் டி.டி.ரி. கைவிடப்பட்டதற்குக் கார்சன் காரணம் அல்லர், நுளம்புகளே காரணம். 1946 முதல் நாடெங்கும் தெளிக்கப்பட்ட டி.டி.ரி.யின் பயனாக 1963 இல் மலேரியா நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. ஆனால், 1968–69 இல் அந்நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கிப் பெருங்கொள்ளை நோயாகத் திரும்பிவந்தது. நுளம்புகள் டி.டி.ரி.க்குப் பழகிவிட்ட நிலையில், 1977 முதல் மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது. காரணம் எதுவாயினும் திசை ஒன்றுதான். அழியாத நஞ்சின் இடத்துக்கு விரைவில் அழியும் நஞ்சு வந்தது. மலத்தியன், பரத்தியன் போன்ற சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் வெயிலிலும் நீரிலும் நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் சிதைந்துவிடும். ‘நீடித்து நிற்காதது’ என்பது ஒரு நற்சான்றிதழாயிற்று.

இந்தச் சான்றிதழில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. சிதைந்தது எதுவாயிற்று?

விடுபட்ட அந்தக் கேள்வி முதலில் எழுந்தது தோட்டத்தில் அன்று, சலவைத் தொட்டியில். 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைகள் மிதந்தன. புதிதாகச் சந்தைக்கு வந்த சலவைத் தூள்களின் மூலக்கூறுகள் கிளைவிட்ட அமைப்புக் கொண்டவை; பற்றீரியாக்களால் அவற்றைத் தின்ன முடியவில்லை. மேற்கு ஜேர்மனி 1961 இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கக் கம்பனிகள் 1965 அளவில் கிளையற்ற மூலக்கூறுகளுக்கு மாறின. நுரை ஒழிந்தது. ‘உயிரியற் பிரிந்தழிகை’ என்ற சொல் பொதுமக்களின் பேச்சுக்குள் வந்ததும் இக்காலத்திலேதான். ஆனால், பரிசோதனைகள் எதை அளந்தன? நுரைக்கும் ஆற்றல் போய்விட்டதா என்பதையே அளந்தன. மூலக்கூறின் ஒரு முனை அறுந்தாலே நுரை நின்றுவிடும். மிச்சம் என்னவாயிற்று என்று பார்க்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை, ஏனெனில் மிச்சம் நுரைக்கவில்லை.

நொனைல்பீனோல் எதொக்சிலேற்று எனப்படும் மற்றொரு வகைச் சலவைப் பொருள் இந்தத் துவாரத்தின் வழியே பல ஆண்டுகள் தப்பிச் சென்றது. கழிவுநீர் நிலையங்களில் அது நன்றாகவே உடைந்தது. 1984 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள், கழிவுநீர்ச் சேற்றில் நொனைல்பீனோல் பெருமளவில் குவிந்திருப்பதை வெளியிட்டனர். தாய்ப் பொருளைவிட இந்தச் சேய்ப் பொருள் மீன்களுக்கு அதிக நஞ்சானது, நீரில் எளிதில் கரையாதது, சேற்றில் தங்குவது. 1991 இல் அமெரிக்காவின் ரப்ற்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சொனென்ஷைனும் தமது ஆய்வுகூடத்தின் பிளாஸ்ரிக் குழாய்களிலிருந்து கசிந்த இதே நொனைல்பீனோல், ஈஸ்திரஜன் என்ற பெண்மை ஓமோனைப் போலச் செயற்பட்டு மார்புப் புற்றுநோய்க் கலங்களைப் பெருகச் செய்ததைத் தற்செயலாகக் கண்டுபிடித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் இதன் பாவனையைக் கட்டுப்படுத்த 2003 ஆயிற்று. நுரை ஒழிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

ஆனால், இவையெல்லாம் ஆய்வுகூடத்துக்கும் சேற்றுக்கும் உள்ளே நடந்த மெதுவான கதைகள். நம்பிக்கை பகிரங்கமாக முறிந்தது இரண்டு ஆறுகளில்.

முதலாவது றைன். 1986 நவம்பர் 1ஆந் திகதி அதிகாலை, சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சான்டோஸ் கம்பனியின் களஞ்சியம் ஒன்று தீப்பற்றியது. தீயணைப்பாளர் பாய்ச்சிய நீர், பல தொன் பீடைகொல்லிகளையும் ஒரு செந்நிறச் சாயத்தையும் அள்ளிக்கொண்டு ஆற்றிற் கலந்தது. ஆறு சிவந்து ஓடியது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு ஆரல் இன மீன்கள் கூண்டோடு மடிந்தன; இலட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள் கரையொதுங்கின. அவற்றைக் கொன்றவை பெரும்பாலும் சேதனப் பொசுபரசுச் சேர்வைகளே, ‘நீடித்து நிற்காத’ அதே குடும்பம். நீடித்து நிற்காதது என்ற பெயரைக் காப்பாற்றியதற்கு ஆதாரமும் உண்டு. றைன் பலரும் அஞ்சியதைவிட விரைவில் மீண்டது. ஆனால், ஓடும் ஆற்றில் நஞ்சுக்கு நாட்கள் தேவையில்லை. அது சிதைவதற்கு முன்னர் எல்லைகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

இரண்டாவது ஆறு எம்மவர் பலர் கேள்விப்பட்டிராதது. அங்கு நடந்ததுதான் இந்த விடயத்தின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வட கலிபோர்னியாவில், பனி மூடிய சாஸ்ரா மலையின் அடிவாரத்தில், டன்ஸ்மியூர் என்ற சிற்றூர் இருக்கிறது. ‘உலகின் மிகச் சிறந்த நீர்’ என்று பெருமையுடன் அறிவித்துக்கொள்ளும் ஊர் அது. அதன் ஊடாக ஓடுவது சக்ரமென்ரோ ஆற்றின் மேற்பகுதி. தூண்டில்காரர்கள் உலகின் பல பாகங்களிலிருந்தும் ட்ரவுட் மீனுக்காகத் தேடி வந்த இடம். ஊருக்குச் சற்று வடக்கே புகையிரதப் பாதை ஆற்றைக் கடந்து குதிரை இலாடம்போல வளைகிறது. கன்ராரா வளைவு என்று அதற்குப் பெயர்.

1991 யூலை 14, ஞாயிறு இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர், சதேர்ன் பசிபிக் கம்பனியின் சரக்குப் புகையிரதம் ஒன்று அந்த வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது தடம்புரண்டது. ஓர் இயந்திரமும் சில பெட்டிகளும் சரிந்தன. தாங்கிப் பெட்டி ஒன்று நேரே ஆற்றில் விழுந்து கிழிந்தது. அதிலிருந்து 19,000 கலன், அதாவது ஏறத்தாழ 72,000 லீற்றர் திரவம் இரவோடு இரவாக ஆற்றிற் கலந்தது. திரவத்தின் பெயர் மெற்றாம் சோடியம். தாங்கியின் மேல் அபாய அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. இருக்கவேண்டும் என்ற சட்டமும் இருக்கவில்லை. எரிவது, வெடிப்பது, அரிப்பது, மனிதரை நேரடியாக நஞ்சூட்டுவது ஆகிய கோணங்களிலிருந்தே அன்றைய போக்குவரத்து விதிகள் ஒரு பொருளின் அபாயத்தைப் பார்த்தன. மெற்றாம் சோடியம் அந்தக் கட்டங்களுள் எதற்கும் பொருந்தவில்லை. அது பயிர்ச்செய்கைக்குப் போகும் ஒரு களைகொல்லி, அவ்வளவுதான்.

இங்கே அப்பொருளின் இயல்பைச் சொல்லவேண்டும். 1950களிலிருந்து விற்பனையில் உள்ள மண் புகையூட்டி அது. உருளைக்கிழங்கு, கரட் போன்றவற்றைப் பயிரிடுவதற்கு முன்னர் நிலத்தில் இட்டு, வட்டப்புழுக்களையும் பூஞ்சணங்களையும் களை விதைகளையும் ஒருசேரக் கொல்வதற்கு அதைப் பயன்படுத்துவர். தாங்கிக்குள் செறிந்த காரக் கரைசலாக இருக்கும் வரையில் அது உறுதியானது. ஈர மண்ணில் அல்லது நீரில் ஐதாக்கப்பட்டதும் உடையத் தொடங்கும். உடைவதுதான் அதன் வேலை. உடையும்போது பிறக்கும் மெதைல் ஐசோதயோசயனேற் என்ற பொருளே உண்மையான கொலையாளி. கடுகின் உறைப்பைத் தரும் பொருளும் இதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் அதன் கண்ணெரிவை வாசகர்கள் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால், இது அதனிலும் இலகுவில் ஆவியாவது. கூடவே அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டும் வெளிவரும்.

ஆகவே ‘நீரில் விரைவாகச் சிதையும்’ என்ற வாக்கியம் மெற்றாம் சோடியத்தைப் பொறுத்தவரை ஆறுதல் வார்த்தை அன்று. அது எப்படிக் கொல்கிறது என்பதற்கான விளக்கம். ஒரு தாளில் எழுதிய அதே ஐந்தாறு சொற்கள் ஓரிடத்தில் நற்சான்றாகவும் இன்னோரிடத்தில் குற்றப்பத்திரமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

அந்த இரவு டன்ஸ்மியூர் மக்கள் எரியும் கண்களோடும் அழுகிய முட்டை நாற்றத்தோடும் விழித்தனர். பலர் ஊரைவிட்டு வெளியேறினர். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் என்று நூற்றுக்கணக்கானோர் வைத்திய உதவி நாடினர். சிலருக்கு அதற்கு முன் இல்லாத ஆஸ்துமா நிரந்தரமாகத் தங்கிவிட்டதைப் பின்னர் வெளியான மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. ஆற்றில் ஒரு பச்சைநிறப் படலம் நகர்ந்து சென்றது. ஏறத்தாழ 60 கிலோமீற்றர் கீழே உள்ள சாஸ்ரா நீர்த்தேக்கத்தை அது 17ஆந் திகதி அடைந்தது. அது கடந்துபோன ஆற்றில் உயிர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள், கோடிக்கணக்கான நீர்ப்பூச்சிகள், நன்னீர் நண்டு வகைகள், நத்தைகள், பாசிகள். கரையோர மரங்களும் இலட்சக்கணக்கில் பட்டுப்போயின.

நீர்த்தேக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே காற்றுக் குமிழிகளை நீருக்குள் செலுத்தி, எளிதில் ஆவியாகும் அந்த நஞ்சை வெளியேற்றினர். வெயிலும் உதவியது. மெற்றாம் சோடியம் இருளில் உடைவதற்கு நாட்கள் எடுக்கும், வெயிலிலோ ஒருசில மணித்தியாலங்களே போதும். யூலை மாத முடிவில் நீரில் நஞ்சைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆக, இரசாயனத்தின் முழு ஆயுள் இரண்டு வாரத்துக்கும் சற்று அதிகம். நாலு நாள் போனால் வேகம் செத்துவிடும் என்ற எங்கள் ஊர்க் கணக்குக்கு அது பெரிதும் முரண்படவில்லை. ஆனால், அந்த ஆற்றில் மீன்பிடி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 1994 இல்தான். பூச்சிகள் கிளையாறுகளிலிருந்து ஓரளவு விரைவாகத் திரும்பின. மீன்கள் அவற்றின் பின்னே வந்தன. பறக்கவோ நீந்தவோ இயலாத நத்தைகளும் சிப்பிகளும் மிகவும் பின்தங்கின. நஞ்சின் ஆயுள் வேறு, தீங்கின் ஆயுள் வேறு. முதலாவதை அளப்பது எளிது என்பதனாலேயே நாம் அதை அளந்து, இரண்டாவதைப் பற்றியும் தெரிந்துகொண்டதாக எண்ணிக்கொள்கிறோம். புகையிரதக் கம்பனியும் ஏனைய பொறுப்பாளிகளும் 3 கோடி 80 இலட்சம் டொலர் நட்டஈட்டுக்கு இணங்கியது 1994 இல். அந்தத் தொகையின் ஒரு பகுதி ஆற்றைக் கண்காணிப்பதற்கும் மீட்பதற்கும் செலவிடப்பட்டது.

இன்னொரு விடயம். காற்றில் கலந்த மெதைல் ஐசோதயோசயனேற்று மீது வெயில் படும்போது அதில் ஒரு சிறு பங்கு மெதைல் ஐசோசயனேற்றாக மாறுகிறது. இந்த இரண்டாவது பெயரை எங்கோ கேட்டிருப்பீர்கள். 1984 டிசம்பர் 2ஆந் திகதி நள்ளிரவில் போபால் நகரைக் கொன்ற வாயு அதுவே. அங்கும் கதையின் தொடக்கம் நீர்தான். தாங்கிக்குள் புகுந்த நீரோடு அந்த இரசாயனம் வினைபுரிந்து கொதித்தது. அளவில் இரண்டையும் ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால், சிதைவுப் பொருளின் சிதைவுப் பொருள் என்று ஒரு பரம்பரையே உண்டு என்பதையும், அதில் மூன்றாந் தலைமுறை யார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது வீண்வேலை அன்று என்பதையும் அந்தப் பெயர் எனக்கு உணர்த்தியது.

சரி, ஆய்வுகூடங்கள் இதை ஏன் முன்னரே காணவில்லை? அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது பத்திரிகைக்காரனுக்கு இலகு. ஆனால், பரிசோதனை நடக்கும் விதத்தை அறிந்தபோது எனக்கு அவர்கள் மீது ஓரளவு அனுதாபமே ஏற்பட்டது. நீர்வாழ் உயிரினங்களுக்கான பரிசோதனைகள் அடிப்படையில் மூன்று. பாசியை 72 மணித்தியாலம், நீர்த்தெள்ளு எனப்படும் சிற்றுயிரியை 48 மணித்தியாலம், மீனை 96 மணித்தியாலம் இரசாயனம் கலந்த நீரில் வைத்து, எந்தச் செறிவில் பாதி உயிர்கள் பாதிக்கப்படுகின்றன என்று பார்ப்பார்கள். இப்போது, ஆறு மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 96 மணித்தியாலத்தில் அது பதினாறு தடவை பாதியாகிவிடும். இட்டதில் அறுபத்தையாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மீன் பிழைத்திருந்தால், அது எந்தச் செறிவைத் தாங்கிப் பிழைத்தது? முதலில் ஊற்றிய அளவையா, இறுதியில் மிஞ்சிய துளியையா? அறிக்கையில் ஊற்றிய அளவை எழுதினால் பொருள் மிகவும் சாதுவானதாகத் தோன்றும். மீன் இறந்திருந்தாலும் சிக்கல் தீரவில்லை. கொன்றது தாயா சேயா என்று எவரும் அறியார்.

இந்தச் சிக்கலுக்குப் படிப்படியாக வழிகள் வகுக்கப்பட்டன. நீரை நாள்தோறும் மாற்றுவது, அல்லது தொடர்ந்து புதிய கரைசலைப் பாய்ச்சுவது. ஊற்றிய அளவை நம்பாமல் இடையிடையே உண்மையான செறிவை அளந்து சராசரி காண்பது. பொருள் மிக வேகமாக உடைவதாயின், கரைசலை முதலில் ‘முதிர’ வைத்து, உடைந்த பொருட்களையே தனியாகப் பரிசோதிப்பது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1981 முதல் வெளியிட்டுவரும் பரிசோதனை வழிகாட்டிகளில் நீர்ப்பகுப்புக்கென்றே ஒன்று உண்டு. அமில, நடுநிலை, கார நீர் மூன்றிலும் ஒரு பொருள் எவ்வளவு நேரத்தில் உடைகிறது என்பதை அது அளக்கிறது. ஏன் மூன்று? நீருக்கு நீர் வேறுபாடு உண்டு. மீன் வளர்ப்புக் குளங்களில் ஒட்டுண்ணிகளை அழிக்கப் பயன்பட்ட திரைக்குளோர்போன் இதற்குச் சிறந்த சாட்சி. அமில நீரில் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். கார நீரில் மணித்தியாலக் கணக்கில் உடைந்து, தன்னிலும் நஞ்சு கூடிய டைக்குளோர்வொஸ் ஆக மாறும். ஒரே போத்தல், ஒரே அளவு; குளம்தான் வேறு. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கற் பாறையில் ஊறிய எங்கள் கிணற்று நீருக்கும் மலைநாட்டு ஓடைநீருக்கும் இந்த விடயத்தில் ஒரே விதி செல்லாது. போத்தலின் லேபலில் உள்ள நாட்கணக்கு எந்த நீருக்கானது என்று அன்று எங்கள் பெரியவர்கள் கேட்டிருக்க முடியாது. இன்று கேட்கலாம்.

மாற்றம் நீரிலேதான் நடக்கவேண்டும் என்பதும் இல்லை. 1976 இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கென மலத்தியன் தெளித்த 7,500 தொழிலாளரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சூட்டலுக்கு ஆளாகினர், ஐவர் இறந்தனர். மலத்தியன் தூள் வெப்பத்தில் களஞ்சியத்தில் கிடந்தபோது அதில் ஐசோமலத்தியன் என்ற பொருள் உருவாகியிருந்தது. மலத்தியனை முறித்தெறியும் உடலின் ஆற்றலையே அது முடக்கிவிடும். அதற்கு அடுத்த ஆண்டுதான் இலங்கை மலத்தியனுக்கு மாறியது.

நுரைக் கதையிலும் கன்ராரா வளைவிலும் விடுபட்ட கேள்வி, சட்டத்தின் மொழியில் ஒருவாறு ஏறியது 2003 இல். அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் சபை, இரசாயனங்களை வகைப்படுத்தி லேபலிடுவதற்கான உலகளாவிய ஒத்திசைவு முறைமையின் முதற் பதிப்பை வெளியிட்டது. அதில் ‘விரைவிற் பிரிந்தழியும்’ என்ற தகுதி முக்கியமானது. அந்தத் தகுதி பெறும் பொருளுக்கு நீண்டகால அபாய வகுப்பில் சலுகை கிடைக்கிறது. 28 நாளில் பற்றீரியாக்கள் ஒரு பொருளைப் பெருமளவு தின்று தீர்த்தால் தகுதி உண்டு. வெறும் நீர்ப்பகுப்பைக் காட்டித் தகுதி கோரினால்? இங்கேதான் அந்த நூலின் பின்னிணைப்பு ஒரு நிபந்தனை விதிக்கிறது. அரைவாழ்வுக் காலம் 16 நாட்களுக்குக் குறைவாக இருக்கவேண்டும். அது மாத்திரம் போதாது, உடைந்து வரும் பொருட்கள் நீர்ச்சூழலுக்கு அபாயமானவை அல்ல என்பதும் நிரூபிக்கப்படவேண்டும். உலர்ந்த அதிகாரபூர்வ மொழியில், எவரும் வாசிக்காத ஒரு பின்னிணைப்பில் இருக்கும் நிபந்தனை. நிரூபிக்கும் பொறுப்பு கோருபவரிடம் இருக்கிறது என்பதே அதன் உயிர். அதற்கு முந்திய காலத்தில், சேய்ப் பொருள் தீங்கானது என்று எவராவது நிரூபிக்கும்வரை அது இல்லாத பொருளாகவே கருதப்பட்டது.

போக்குவரத்து விதிகள் இதற்கு முன்னரே மாறத் தொடங்கியிருந்தன. கடல் மாசாக்கிகளைப் பொதியிடுவதற்கும் அடையாளமிடுவதற்குமான சர்வதேச விதிகள் 1992 யூலையில் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவும் அவ்வாண்டு தனது தரைவழிப் போக்குவரத்து விதிகளுக்குள் அவ்வகைப் பொருட்களைக் கொண்டுவந்தது. ஆற்றுக்கு அபாயமானது என்பதற்காகவே ஒரு தாங்கியின் மீது அடையாளம் இடலாம் என்ற எண்ணம் நியாயமானதாகத் தோன்றுவதற்கு ஓர் ஆறு சாகவேண்டியிருந்தது என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. ஆனால், கப்பல் விதிகளுக்கான பேச்சுக்கள் கன்ராரா வளைவுக்கு வெகுகாலம் முன்னரே தொடங்கிவிட்டன என்பதால் அது முழு உண்மையாகாது.

மெற்றாம் சோடியம் தடை செய்யப்பட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மாறாக, ஓசோன் படையைக் காப்பதற்காக மெதைல் புரோமைட் என்ற மற்றொரு புகையூட்டி மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் ஒழிக்கப்பட்டபோது, இதற்கான கேள்வி கூடியது. 1999 நவம்பரில் கலிபோர்னியாவின் ஏர்லிமார்ட் என்ற ஊரில், வயலொன்றில் நீர்த்தூவிகள் மூலம் இடப்பட்ட மெற்றாம் சோடியத்திலிருந்து எழுந்த ஆவி குடியிருப்புகளுக்குள் புகுந்து, 150க்கு மேற்பட்டோரைப் பாதித்தது. இம்முறை ஆறு இல்லை, தடம்புரண்ட புகையிரதமும் இல்லை. பொருள் அதற்குரிய இடத்தில், அதற்குரிய வேலைக்கே பயன்பட்டது. 2012 முதல் அமெரிக்காவில் வயலைச் சுற்றி இடைவெளி வலயம் விடவேண்டும் என்று லேபல்களில் எழுதப்பட்டது. பிரான்சில், 2018 இலையுதிர் காலத்தில் சலாது இலை பயிரிடப்படும் மேற்குப் பகுதி ஒன்றில் அடுத்தடுத்துப் பலர் கண்ணெரிவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஆளானதை அடுத்து, அவ்வாண்டு நவம்பரில் அதன் பாவனை அனுமதிகள் முற்றாக மீளப்பெறப்பட்டன.

ஐரோப்பிய வகைப்படுத்தலில் மெற்றாம் சோடியம் நீர்வாழ் உயிர்களுக்கு உடனடியாகவும் நீண்டகாலத்துக்கும் மிக நஞ்சானது என்ற மேல் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. நீரில் விரைவாக உடையும் என்பது அதன் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அந்த வகுப்பைச் சேர்ந்த கொள்கலன்களில் ஒரு சிவப்புச் சாய்சதுரச் சின்னம் ஒட்டப்படும். அதனுள்ளே, இலையற்ற ஒரு மரமும், வயிறு மேலாகக் கிடக்கும் ஒரு மீனும். எங்கள் அந்த இளம் செய்தியாளருக்குச் சென்ற மாதம் அச்சின்னத்தை அனுப்பி, சக்ரமென்ரோ ஆற்றின் கதையையும் எழுதியிருந்தேன். “மரம் ஏன் அண்ணை?” என்று கேட்டு ஒரு வரி பதில் வந்தது. அந்த ஆற்றங்கரையில் பட்டுப்போன வில்லோ மரங்களைப் பற்றி இன்னும் அவருக்கு எழுதவில்லை.